குறிப்பறிதல்: இரண்டு அதிகாரங்கள்

திருக்குறளில் குறிப்பறிதல் என்ற தலைப்பு இரண்டு முறை வருகிறது. 71ஆம் அதிகாரம் அமைச்சியலில், 110ஆம் அதிகாரம் களவியலில். பரிமேலழகர் உரைப்படி முதலாவது, அரசன் கருதியதை அவன் கூறாமலே அறிவது. அமைச்சன் கருதியதை அரசன் அறிய வேண்டுமென்ற கட்டாயம் அங்கே இல்லை. இரண்டாவதில் தலைவன் தலைவியின் குறிப்பை அறிகிறான். தோழியின் குறிப்பையும் அறிகிறான். தோழி அவ்விருவர் குறிப்பையும் அறிகிறாள். தலைப்பு ஒன்றுதான், காரியம் வேறு. சபையில் குறிப்பறிவது கீழே நிற்பவனின் சுமை. களவில் அது எல்லோருக்கும் பொதுவான வேலை.

ஆட்டிஸம் உள்ளவர்கள் எழுதியவற்றையும், அவர்களைப் பற்றி மற்றவர்கள் எழுதியவற்றையும் சேர்த்துப் படித்தபோது இந்த இரண்டு அதிகாரங்கள்தான் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தன. ஆட்டிஸம் உள்ளவருக்குப் பேச்சின் உட்பொருள் எட்டாது, சொல்லின் நேர்ப்பொருளோடு நின்றுவிடுவார் என்பது மருத்துவம் பரப்பிய சித்திரம். நாவலாசிரியர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

மார்க் ஹேடனின் புகழ்பெற்ற நாவல், ‘இரவு நேரத்தில் நாய்க்கு நேர்ந்த விநோதச் சம்பவம்’ (2003), இதற்கு நல்ல உதாரணம். கதை சொல்பவன் கிறிஸ்டோபர் என்ற 15 வயதுப் பையன். உருவகம் என்பது பொய் என்று நினைப்பவன். பக்கத்து வீட்டுக் கிழவி, அவன் தாய்க்கும் அண்டை வீட்டுக்காரருக்கும் நெருங்கிய சிநேகிதம் என்று சொல்கிறாள். அழுத்திச் சொல்கிறாள். பையன், நீங்கள் சொல்வது இதுதானா என்று பச்சையாகக் கேட்கிறான். வாசகனுக்கு விஷயம் முன்பே தெரிந்துவிட்டது. பையனை முந்திக்கொண்டோம் என்ற திருப்திதான் அந்த இடத்தின் ரசம். இப்படிப்பட்ட இடங்கள் நாவலில் பல. ஹேடன் திறமைசாலி; தான் இந்த விஷயத்தில் நிபுணன் அல்ல என்று ஒப்புக்கொண்டவரும்கூட. நான் குறை சொல்வது வேறு. முகபாவங்களைப் படம் வரைந்து விளக்க ஷிவான் என்ற ஆசிரியை இருக்கிறாள். ஆனால் தன்னைப் போன்ற ஒருவரோடு உட்கார்ந்து பேசும் ஒரு காட்சிகூடக் கிறிஸ்டோபருக்குக் கிடையாது. அவன் குறிப்பறியாதவனாகத் தெரிய வேண்டுமானால் அவன் தனியாக இருந்தாக வேண்டும். நாவல் முழுக்க 71ஆம் அதிகாரம்தான்.

இந்தச் சித்திரத்துக்கு எதிரான சாட்சி ஆரம்பத்திலேயே கிடைத்திருந்தது. 1943இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதி ஆட்டிஸத்துக்கு மருத்துவ நூல்களில் இடம் தேடித்தந்த லியோ கன்னர், 1946இல் அக்குழந்தைகளின் மொழியைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு சிறுவன் வாணலி போன்ற எதைப் பார்த்தாலும் சம்பந்தமில்லாமல் ஒரு பாப்பாப் பாட்டின் சொற்களைச் சொல்கிறான். விசாரித்தால், அவனுக்கு இரண்டு வயதிருக்கும்போது தாய் சமையலறையில் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே கைதவறி ஒரு பாத்திரத்தைக் கீழே போட்டிருக்கிறாள். அது உளறல் அல்ல, உருவகம். மூலச் சம்பவம் நமக்குத் தெரியாததால் உளறலாகக் கேட்கிறது என்பதைக் கன்னரே கண்டார். அப்படியானால் குறிப்பு இல்லாதவன் யார்? அவனுடைய குறிப்பு நமக்குப் புரியவில்லை. நம்முடையது அவனுக்குப் புரியவில்லை. முதலாவதற்கு யாரும் நோய்ப்பெயர் வைக்கவில்லை.

அவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டது வெகு காலத்துக்குப் பின்னால். 1992இல் அமெரிக்காவில் ஜிம் சின்க்ளேரும் ஆஸ்திரேலிய எழுத்தாளர் டோனா வில்லியம்ஸும் இன்னும் சிலரும் சேர்ந்து ‘ஆட்டிஸம் நெட்வொர்க் இண்டர்நேஷனல்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ‘நம் குரல்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு பத்திரிகையும் நடத்தினார்கள். 1996 முதல் ‘ஆட்ரீட்’ என்று வருடாந்திர முகாம். அங்கே ஒரு ஏற்பாடு செய்தார்கள். சட்டையில் வண்ண அட்டை. சிவப்பு என்றால் யாரும் பேச வர வேண்டாம். மஞ்சள் என்றால் ஏற்கெனவே அனுமதி பெற்றவர்கள் மட்டும் வரலாம். பின்னால் பச்சையும் சேர்ந்தது: பேச ஆசை இருக்கிறது, தொடங்கத் தெரியவில்லை, நீங்கள் தொடங்குங்கள். நாம் பார்வையாலும் தோள் திருப்பலாலும் அரைகுறையாகச் சொல்லித் தப்பும் தவறுமாய்ப் புரிந்துகொள்வதை அவர்கள் ஒரு அட்டையில் எழுதிவிட்டார்கள். இதை மெய்ப்பாட்டின் இலக்கணம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. தொல்காப்பியரும் சிரிப்பையும் அழுகையையும் எட்டாக வகுத்து எழுதிவைத்தவர்தானே.

அட்டை அவர்களுக்குள். வெளியாரின் பேச்சுக்கு வேறு வழி வேண்டியிருந்தது. டெம்பிள் கிராண்டின், மனிதர்கள் நடந்துகொள்வதையெல்லாம் படச்சுருள்கள் போல மனதில் சேர்த்துவைத்து, புது நிலைமை வரும்போது பழைய சுருளைப் போட்டுப் பார்ப்பதாக ஆலிவர் ஸாக்ஸிடம் சொல்லியிருக்கிறார். அது தனியொருவரின் நூலகம். நாலு பேர் கூடும்போது அது பொது நூலகமாகிறது. ஒருவர் நடந்த உரையாடலை வார்த்தை பிசகாமல் சொல்கிறார்: ‘ஒரு நாள் வீட்டுக்கு வாருங்கள்’ என்றார்கள், நான் தேதி கேட்டேன், முகம் மாறிவிட்டது, ஏன்? மற்றவர், அது அழைப்பாக இருக்கலாம், வெறும் விடைபெறுதலாகவும் இருக்கலாம், இடமும் குரலும் இப்படியிருந்தால் பெரும்பாலும் இரண்டாவது, நானும் ஒரு முறை இப்படித்தான் மாட்டிக்கொண்டேன் என்கிறார். இந்த நடை நமக்கு அந்நியமானதல்ல. ‘என்பாரும் உளர்’, ‘எனினும் அமையும்’ என்று நம் உரைகாரர்கள் செய்தது இதைத்தான். புரியாமல் நின்ற இடம் எது என்று ஞாபகம் வைத்திருப்பவனே நல்ல உரைகாரன். ஷிவானுக்கு இல்லாத தகுதி இது.

‘பார்த்துச் செய்யுங்கள்’ என்கிறோம். எதைப் பார்த்து, எதைச் செய்வது? போகும்போது ‘வருகிறேன்’ என்கிறோம். நமக்கு இவை உரை இல்லாமல் விளங்குவது கூர்மையால் அல்ல, பழக்கத்தால்.

டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர், தாமும் ஆட்டிஸம் உள்ளவர், 2012இல் இதை ‘இருபுற ஒத்துணர்வுச் சிக்கல்’ என்றார். குறை ஒருவரிடத்தில் இல்லை, இருவருக்கும் நடுவில் இருக்கிறது. சஹிருதயன் என்ற பழைய கோட்பாட்டின் மறுபக்கம் இது. ஒத்த இதயம் என்பதற்கு இரண்டு இதயங்கள் வேண்டும். ஒத்துப்போகாததற்கு ஒன்றை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது? 2020இல் எடின்பரோவிலிருந்து வந்த ஒரு ஆய்வில் எட்டெட்டுப் பேரை வரிசையாக வைத்து ஒரு கதையை ஒருவர் அடுத்தவருக்குச் சொல்லச் செய்தார்கள். ஆட்டிஸம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசை மற்றவர்கள் வரிசைக்குச் சளைக்கவில்லை. கலந்த வரிசையில்தான் கதை அதிகம் சிதைந்தது. 2025இல் வெளியான, 300 பேருக்கு மேல் பங்கேற்ற ஆய்வில் கலந்த வரிசையும் பின்தங்கவில்லை. ஆகவே ‘தம் இனத்தோடுதான் பேச முடியும்’ என்று கவித்துவமாக முடிவுகட்ட வேண்டாம். தங்களுக்குள் அவர்களுக்குப் பேச்சு சாத்தியம் என்பது இரண்டிலும் நிற்கிறது.

ஒரு ஆட்சேபணை உண்டு. இப்படி விளக்கிக்கொள்வது சபைக்குப் பயிற்சி எடுப்பதுதானே, வேஷம் போடக் கற்பதுதானே? ஓரளவு உண்மை. வேலைக்கான நேர்காணலில் அரசன் இன்னும் உட்கார்ந்திருக்கிறான். 71ஆம் அதிகாரத்தைக் கிழித்தெறிந்துவிட முடியாது. ஆனால் ஷிவான் சொல்லித்தருவதற்கும் தோழி சொல்லித்தருவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. தோழி ‘நீ தவறு’ என்று சொல்வதில்லை. ‘அவர்கள் கருதியது இது; செய்வதும் செய்யாததும் உன் இஷ்டம்’ என்கிறாள். 71ஆம் அதிகாரத்துக்கு 110ஆம் அதிகாரத்தின் உறவில் உரை சொல்கிறார்கள். அவர்கள் சாதித்தது இது என்று எனக்குப் படுகிறது.

இதில் நமக்கும் சங்கடம் இருக்கிறது. சொல்லாமல் சொல்வதே கவிதை என்று இந்தப் பக்கங்களில் வருஷக்கணக்காக எழுதிவருகிறோம். ‘புரியவில்லை’ என்று கடிதம் எழுதிய வாசகனுக்கு நாம் கொடுத்த பதில் பெரும்பாலும் மௌனம், சில சமயம் கேலி. கேலி செய்த நம்மில் எவரும் அந்தக் கவிதைகளைத் தனியாகப் புரிந்துகொண்டுவிடவில்லை. யாரோ ஒரு சிநேகிதன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ‘எனக்கும் முதலில் பிடிபடவில்லை’ என்று ஆரம்பித்து வரி வரியாகச் சொன்னான். நாம் அவனை மறந்துவிட்டு அரசனாகிவிட்டோம்.