முதலில் வால்வு, பிறகு கிளட்ச்

பழைய டூ-ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல் மேல் வேகத்தில் இழுக்காவிட்டால் ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது கிளட்சில்தான். எடையை மாற்றுவார்கள், ஸ்பிரிங்கை மாற்றுவார்கள். அதுவும் சரிவராவிட்டால் கார்புரேட்டர் ஜெட்டுக்குப் போவார்கள். எக்ஸாஸ்ட் பக்கம் இரண்டு சிறு மூடிகளுக்குள் இருக்கும் பவர் வால்வு நினைவுக்கு வர வெகுநேரம் ஆகும். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கட்சி. 2000களின் தொடக்கத்தில் வந்த ஸ்கீ-டூ எம்எக்ஸ்இசட் 600 எச்.ஓ. ஒன்றை ஒரு குளிர்காலம் முழுக்க ஒன்ராறியோவின் பனித்தடங்களில் ஓட்டியும் கழற்றிப் பூட்டியும் பார்த்தபின் அந்த எண்ணம் இன்னும் உறுதிப்பட்டிருக்கிறது.

எஞ்சின் ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் தயாரிப்பு. 594 சிசி, இரட்டைச் சிலிண்டர், இரண்டு மிக்குனி கார்புரேட்டர்கள். பின்னால் வந்த இ-டெக் எஞ்சின்களை விட எண்ணெயும் பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும், புகையும் அதிகம். ஆனால் த்ராட்டிலை அழுத்தியதும் வண்டி துள்ளி எழுகிற வேகம் இன்றைக்கும் பழசாகவில்லை. அந்தத் துள்ளலுக்கும் மேல் வேகத்தில் வரும் இழுவைக்கும் இடையில் சமரசம் செய்து வைப்பதே பவர் வால்வின் வேலை.

டூ-ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் போர்ட் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது பெரிய விஷயம். தாழ்வாக இருந்தால் குறைந்த சுற்றில் நல்ல இழுவை கிடைக்கும், புதுக் கலவை வீணாக வெளியே ஓடுவதும் குறையும். உயரமாக இருந்தால் அதிகச் சுற்றில் புகை சீக்கிரம் வெளியேறி முழு பலம் கிடைக்கும். ஒரே போர்ட்டுக்கு இரண்டு உயரத்தையும் கொடுக்க, அதன் மேல்விளிம்பில் ஒரு உலோகத் தகட்டைச் செருகினார்கள். ரோட்டாக்ஸ் இதற்கு வைத்த பெயர் ரேவ். போர்ட்டை ஒட்டிய சிறு துளைகள் வழியாக எக்ஸாஸ்ட் அழுத்தம் ஏறி, ரப்பர் பெல்லோஸை ஊதி, ஸ்பிரிங்கை எதிர்த்துத் தகட்டை மேலே தூக்குகிறது. வேகம் குறைந்தால் ஸ்பிரிங் அதைத் திரும்ப இறக்கிவிடும். ஒயர் கிடையாது, மோட்டார் கிடையாது. ஆர்க்டிக் கேட் தன் வால்வுகளுக்குச் சர்வோ மோட்டாரும் கேபிளும் வைத்தது. அதில் கேபிளின் தளர்ச்சியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எனக்கு ரோட்டாக்ஸின் எளிமைதான் பிடித்திருக்கிறது.

கோளாறை ஓட்டும்போதே கண்டுபிடித்துவிடலாம். வால்வு மூடிய நிலையில் சிக்கியிருந்தால் கிளம்பும்போது குறை எதுவும் தெரியாது. பாதி வேகம் வரை சுறுசுறுப்பாகவே ஏறும். முழு த்ராட்டிலில் 8,000 சுற்றை ஒட்டி நிற்க வேண்டிய டேக்கோமீட்டர் முள் மட்டும் பல நூறு சுற்றுகள் கீழேயே நின்றுவிடும். திறந்த நிலையில் சிக்கியிருந்தால் கதை நேர் எதிர்: புறப்படும்போது திணறும், அப்புறம் திடீரென உயிர் வந்ததுபோல் ஓடும். பெல்லோஸ் கிழிந்திருந்தால் அழுத்தம் கசிந்து தகடு எழவே எழாது; அறிகுறி முதல் வகையைப் போலவே இருக்கும். மூடியைத் திறந்ததும் உள்ளே கறுப்பு எண்ணெய் தெறித்துக் கிடந்தால் சந்தேகமே வேண்டாம், ரப்பர் போய்விட்டது.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே கழற்ற வேண்டும். மூடியைப் பிடித்திருக்கும் கம்பிக் கிளிப்பை எடுக்கும்போது உள்ளங்கையால் மூடியை அழுத்திக்கொள்ளுங்கள், ஸ்பிரிங் தெறிக்கும். அடுத்து பெல்லோஸைச் சுற்றியிருக்கும் மெல்லிய வளைய ஸ்பிரிங்குகள், பிறகு வால்வு உறையின் அலன் போல்ட்டுகள். வெளியே வரும் தகட்டைப் பார்த்தால் தோசைக்கல்லின் விளிம்பில் நாள்பட்டு இறுகிய எண்ணெய்ப் படிவம்தான் நினைவுக்கு வரும். நுனியில் வறண்ட கரி, தண்டுப் பக்கம் ஒட்டும் பிசின். தகட்டை உண்மையில் சிக்க வைப்பது இந்தப் பிசின்தான். மெதுவாகவே ஓட்டுகிறவர்களின் வண்டியில் இது அதிகம் சேரும்.

மண்ணெண்ணெயிலோ கார்புரேட்டர் கிளீனரிலோ ஊறவைத்து, பச்சை ஸ்கிரப்பரால் தேய்த்தால் போதும். அடுப்பைச் சுத்தம் செய்யும் திரவம் கரியைக் கரைக்கும் என்று சிலர் அதை எடுக்கிறார்கள். அதில் காஸ்டிக் சோடா இருக்கும். அலுமினியத்தில் எங்கே பட்டாலும் அரித்துவிடும். ரப்பரை எந்தக் கரைப்பானிலும் போடக்கூடாது, ஊறி உப்பிவிடும். சிலிண்டரில் தகடு செல்லும் காடியைத் துடைக்குமுன் அந்தச் சிலிண்டரின் பிஸ்டன் போர்ட்டை மறைக்கும்படி எஞ்சினைக் கையால் சுற்றி வையுங்கள். உதிரும் கரி உள்ளே விழாது. அழுத்தம் ஏறி வரும் துளைகளையும் மெல்லிய கம்பியால் குத்திவிட வேண்டும். தகடு பளபளக்கும், துளை அடைத்தே இருக்கும், வண்டி பழையபடியே ஓடும் என்பது பலரும் சந்திக்கிற நிலை.

பூட்டும்போது மிகக் கவனம் வேண்டியது தகட்டின் திசை. அதன் நுனி சிலிண்டரின் வளைவுக்கு ஏற்பச் சாய்வாக வெட்டப்பட்டிருக்கிறது. தலைகீழாகப் போனால் பிஸ்டனில் இடிக்கும், எஞ்சின் போகும். காடியில் செருகிய தகடு கை அழுத்தம் இல்லாமலே வழுக்கிப் போக வேண்டும். இல்லாவிட்டால் இன்னும் துடைக்க வேண்டியிருக்கிறது. மூடியில் இருக்கும் சிவப்புத் திருகு ஸ்பிரிங்கின் இறுக்கத்துக்கானது. உள்ளே திருகினால் வால்வு தாமதமாகத் திறக்கும், வெளியே திருகினால் சீக்கிரம் திறக்கும். மூடியின் மட்டத்தில் விட்டுவிடுவதே நல்லது. அழுக்கு வால்வை இந்தத் திருகால் சரிக்கட்டப் பார்க்கிறவர்களைக் கண்டால் வருத்தமாக இருக்கிறது. வால்வு வேலை செய்கிறதா என்று பார்க்க வண்டியைத் தூக்கி நிறுத்தி முறுக்கவும் கூடாது. சுழலும் ட்ராக்கிலிருந்து தெறிக்கும் பனிக்கட்டியோ ஆணியோ ஆளையே அடித்துவிடும். பாதுகாப்பான நேர்த் தடத்தில் ஓட்டிப் பாருங்கள், முள்ளே சொல்லிவிடும்.

பருவம் முடிந்து வண்டியை மூடிவைக்கும் முன்பே இந்த வேலையைச் செய்துவிடுவது என் வழக்கம். கோடை முழுக்கக் காய்ந்த பிசின் இருமடங்கு பிடிவாதம் செய்யும். கரி குறைவாகப் படியும் நல்ல சிந்தெடிக் எண்ணெய்க்குக் கொடுக்கும் கூடுதல் காசும் வீண் அல்ல.

இந்த மாடலை இப்போது பழையதாக வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். போகும்போது அலன் கீயும் புதிய கேஸ்கெட் இரண்டும் எடுத்துப் போங்கள். விற்பவர் சம்மதித்தால் அங்கேயே இரண்டு வால்வையும் கழற்றி, தகட்டின் ஓரம் தேய்ந்திருக்கிறதா, ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கரி மட்டும்தான் என்றால் அதற்காக விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேச வேண்டியதில்லை.