முத்துப் பாரும் நண்டு வலையும்

கடலை நம்பி நடைபெறும் வணிகம் அக்கடலை வறிதாக்காமல் நிலைபெற விரும்பின் யாரிடம் துணை நாடவேண்டும்? அத்துணை எதனைச் செய்யவல்லது, எதனைச் செய்யவியலாது? மன்னார்க் கடல் இவ்வினாக்களுக்கு ஒரு நூற்றாண்டு இடைவெளியில் இரு விடைகளைத் தந்துள்ளது. இரண்டையும் ஒருங்கே வைத்து நோக்குதல் பயனுடைத்து.

முதலாவது விடை முத்துச் சலாபத்தைச் சார்ந்தது. 1891ஆம் ஆண்டின் பின்னர் 1903 வரை மன்னார்க் கடலில் சலாபம் கூடவில்லை. வருவாய் இழந்த பிரித்தானிய ஆட்சி, லிவர்பூல் பேராசிரியர் ஹேர்ட்மனின் துணையை நாடியது. 1902இல் அவர் வந்து பார்களை ஆராய்ந்தார். உடன்வந்த ஹோர்னெல் இங்கு தங்கி ஆய்வினைத் தொடர்ந்தார். அவ்வாய்வின் அறிக்கையை இலண்டன் அரச கழகம் 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளியிட்டது.

மிகையாக அள்ளியதே அழிவுக்குக் காரணம் என்ற எளிய விளக்கத்தோடு நின்றுவிடாமை அவ்வறிக்கையின் சிறப்பாகும். தென்மேற் பருவக்காற்று பெயர்க்கும் மணல் சிப்பிகளை மூடுதல், அவை ஓரிடத்தில் நெருங்கிக் குவிதல், மீன்களுக்கு இரையாதல் ஆகியன அதில் விரிவாக ஆராயப்படுகின்றன. பெரிய பாரில் மீண்டும் மீண்டும் படியும் இளஞ்சிப்பிகள் பருவம் எய்துமுன் அழிவதைக் கண்டு, அவற்றை வேறு பார்களுக்குப் பெயர்த்திடவும், சிப்பி பற்றிக்கொள்வதற்குக் கடலடியில் கற்களைப் பரப்பவும் அது பரிந்துரைத்தது.

எனினும், அறிக்கையின் குறையும் இவ்விடத்திலேயே தொடங்குகின்றது. விட்டுவிட்டு விளைதலே பாரின் இயல்பு என்பதற்கான சான்றுகளை அடுக்கிய அதுவே, விளைவைச் சீராக்கிவிடலாம் என்ற நம்பிக்கையையும் ஊட்டியது. வணிகம் சான்றை விடுத்து நம்பிக்கையைப் பற்றிக்கொண்டது. 1906இல் இலங்கை முத்துக்குளிப்போர் கம்பனி பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. ஆண்டு வாடகை 310,000 ரூபா. சிப்பி விளைந்தாலும் பொய்த்தாலும் அத்தொகை மாறாது. 1907க்குப் பின்னர் பல ஆண்டுகள் சலாபம் கூடவில்லை. 1912இல் கம்பனி கலைந்தது. கடலின் கணக்கு வேறாகவும் ஏட்டின் கணக்கு வேறாகவும் இருக்க, அறிவியல் எதனைக் காப்பாற்ற முடியும்? பார்களின் பெயர்கள் தமிழாயிருத்தலே அக்கடலடியை முன்னரே அறிந்திருந்தோர் யாவர் என்பதைக் காட்டும். ஆயினும் சிப்பியில் மூன்றிலொரு பங்கு பெற்ற குளியாளருக்குக் குத்தகை பற்றிய தீர்மானத்தில் பங்கிருக்கவில்லை.

இரண்டாவது விடை நீலக்கால் நண்டுத் தொழிலிலிருந்து கிடைக்கின்றது. மன்னார் வளைகுடாவிலும் பாக்கு விரிகுடாவிலும் சிறுபடகுகளில் வலையிட்டுப் பிடிக்கப்படும் இந்நண்டின் சதை பதனிடப்பட்டு அமெரிக்கச் சந்தைக்குச் செல்கின்றது. நண்டு குறைந்தால் ஆலையும் நிற்கும் என்பதை உணர்ந்த இலங்கைக் கடலுணவு ஏற்றுமதியாளர் சங்கம், அமெரிக்க இறக்குமதியாளரின் நண்டு மன்றத்தினது நிதித்துணையுடன் 2013இல் மேம்பாட்டுத் திட்டமொன்றைத் தொடங்கியது. நாரா நிறுவனமும் கடற்றொழில் திணைக்களமும் மீனவர் அமைப்புகளும் அதில் இணைந்தன.

இங்குத் துணையின் தன்மை மாறியிருப்பது கருதத்தக்கது. வாங்குவோர் தாம் இறக்குமதி செய்யும் நண்டின் நிறைக்கேற்பப் பணம் அளிக்கின்றனர். பிடிபடும் நண்டின் அளவுகள் பதியப்படுகின்றன. பிடிப்போரும் கலந்துரையாடலில் அமர்கின்றனர். கடலை மிகையாக விளையச் செய்யும் முயற்சியன்று இது. எடுப்பதை அளவோடு எடுக்கும் முயற்சி. அவ்வகையில் முந்தியதினும் இது மேம்பட்டதே.

ஆயினும் இதனைக் குறையற்றது எனக் கொள்ளுதல் பொருந்தாது. சினை நண்டையும் சிறு நண்டையும் மீளக் கடலில் விடுவது நன்று; ஆனால் அன்றைய உழைப்பில் ஒரு பகுதியை இழப்பவர் பேசாலையிலோ வங்காலையிலோ வலையிடும் மீனவரே. நற்சான்றின் பயன் சந்தையில் ஏற்றுமதியாளருக்குச் சேர்கின்றது; அதில் எவ்வளவு கரைக்கு வந்து சேரும் என்பதே திட்டத்தின் உண்மையான சோதனை. மேலும், இழுவைமடித் தொழிலை இலங்கை 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தால் தடைசெய்த பின்னரும், எல்லை தாண்டி வந்த இந்திய இழுவைப் படகுகள் வலைகளை அறுத்துச் சென்றன. அதனை ஏற்றுமதியாளர் சங்கம் தனித்துத் தடுத்தல் இயலாது. அஃது இரு அரசுகளின் கடமை.

எனவே, துணை நாடும் வணிகம் அறிவியலாளரிடம் வழி கேட்குமுன் தன்னையே கேட்கவேண்டிய வினாக்கள் இரண்டு உள. கடல் பொய்க்கும் ஆண்டில் தன் கணக்கு வளைந்து கொடுக்குமா? அடக்கத்தின் விலையை வலையிடுபவன் மட்டும் செலுத்தாமல் தானும் பகிர்ந்துகொள்ளுமா? இவற்றுக்கு விடை இல்லாதவிடத்து, ஐந்து பாக அறிக்கையும் ஒரு கம்பனியைக் காக்கவில்லை என்பதே மன்னார்க் கடல் தரும் பாடமாகும்.