கொட்டும் கையும் பாடும் நாவும்

நோன்பு மாதத்தின் பின்னிரவு. முன்னே ஒரு சிறுவன் அரிக்கேன் விளக்கைப் பிடித்து நடக்க, பின்னே பச்சைத் தலைப்பாகை அணிந்த பாவா ஒருவர் தாயிராவைக் கொட்டிப் பாடிக்கொண்டு தெருத்தெருவாக வருவார். சஹருக்கு ஊரை எழுப்புவது அவர் பணி. 1970களின் இறுதியில் எங்கள் கடற்கரையூரில் நான் கண்விழித்த இரவுகளெல்லாம் அந்த ஓசையில்தான் விழித்தன. அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும்.

உமறுப் புலவரின் காப்பியத்தைப் பற்றியும் குணங்குடியாரின் ஞானப் பாடல்களைப் பற்றியும் நம்மவர் நிறைய எழுதியிருக்கின்றனர். ஆனால் அப்பாடல்களையும் கிஸ்ஸாக்களையும் மசலாக்களையும் எழுத்தறியாத இல்லங்களின் வாசலுக்குக் கொண்டு சென்ற பாவாக்களின் கலையைக் கலையாகவே எடுத்துக்கொண்டு ஆராய்ந்த கட்டுரைகள் என் கண்ணில் பட்டவை மிகச் சில. ஒரு சாரார் அதைக் கூடுமா கூடாதா என்னும் கேள்வியோடு நிறுத்திவிடுகின்றனர். மற்றொரு சாரார் பழங்கால நினைவென்று பெருமூச்சு விடுகின்றனர். இவ்விரண்டுக்கும் நடுவே நின்று, பாடிக்கொண்டே கொட்டும் அக்கலை எவ்வாறு இயங்குகிறது, அதன் சிறப்பென்ன, குறையென்ன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாயிரா என்பது வட்டமான மரச்சட்டத்தின் ஒரு முகத்தில் மட்டும் ஆட்டுத்தோல் போர்த்திய கருவி. ‘தாயிரா’ என்றால் அரபியில் வட்டம். ஹதீஸ்களில் ‘துஃப்’ என வருவதும் இவ்வினத்தைச் சேர்ந்த ஒருமுகப் பறையே. இடக்கையால் சட்டத்தைப் பிடித்து நிமிர்த்தி, வலக்கை விரல்களால் கொட்டுவர். நடுவை ஒட்டி அடித்தால் ஆழ்ந்த ஓசை; விளிம்பில் தட்டினால் கூரிய ஓசை. சட்டத்தைத் தாங்கும் இடக்கை விரல்களும் சும்மா இருப்பதில்லை. இடையிடையே மெல்லத் தட்டி நிரவும். மழைக்காலத்தில் தோல் தளர்ந்துவிடும். அப்போது தீயில் வாட்டி விறைப்பேற்றுவர். கருவி இவ்வளவே. சுருதிக்கு உதவி அதில் இல்லை. இசையின் இனிமை முழுவதையும் தொண்டை ஒன்றே தாங்க வேண்டும்.

இனி அந்த இரண்டு வேலைகளும் ஓருடலில் நடப்பதைக் கவனியுங்கள். பாடுவோர் ஒருவர், கொட்டுவோர் வேறொருவர் என்றால் இருவருக்குமிடையே ஓர் உடன்படிக்கை வேண்டும். ஒருவரே இரண்டையும் செய்யும்போது அவருடைய மூச்சே அந்த உடன்படிக்கையாகிவிடுகிறது. அடி ஓடிக்கொண்டிருக்கும்போது கை தணிந்து விளிம்பை மட்டும் தொட்டுச் செல்லும். அடி முடிந்து அவர் மூச்சு வாங்கும் இடத்தில் கை எழுந்து முழங்கும். சொல் இருக்கும் இடத்தில் கை பின்வாங்கும். சொல் ஓய்ந்த இடத்தில் முன்வரும். தேர்ந்த பாவாவிடம் இது நினைத்துச் செய்வதாகத் தோன்றாது. நடப்பவன் கைவீசுவதைப் போல இயல்பாக அமையும்.

அவர்கள் பாடத் தேர்ந்துகொண்ட நூல்களின் வடிவமும் இதற்கு இசைந்தே இருந்தது. குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) கண்ணி என்னும் ஈரடி வடிவில் மிகுதியாகப் பாடியவர். மனோன்மணிக் கண்ணி, பராபரக் கண்ணி, ரகுமான் கண்ணி என்னும் தலைப்புகளே அதைச் சொல்லும். இரண்டடியில் ஒரு கருத்து முடிந்து, விளி வந்து நிற்கும். அந்த நிறுத்தம் தாயிரா முழங்குவதற்கென்றே விட்ட இடைவெளி போன்றது. கேட்பவரின் மனமும் அந்த இடைவெளியில்தான் பொருளை வாங்கிக்கொள்ளும். நூறு மசலாவோ வினாவும் விடையுமாக அமைந்தது. இளவரசி ஒருத்தி நூறு வினாக்களைத் தொடுக்க, அவளை மணக்க வந்தவன் விடை பகர்கிறான். வினாவை முடித்ததும் பாவா கொட்டுவதை அடியோடு நிறுத்திவிடுவார். திண்ணையில் இருப்பவர்கள் விடையைத் தமக்குள் தேடுவார்கள். பிறகு மெல்லக் கை தொடங்கும், விடை வரும்.

என் வாப்பும்மா குர்ஆன் ஓத அறிந்தவர். தமிழெழுத்துப் படிக்க அறியாதவர். ஆயினும் நூறு மசலாவில் பெரும்பகுதி அவருக்கு மனப்பாடம். அரிசி புடைக்கும்போது முறத்தின் விளிம்பை விரலால் தட்டிக்கொண்டு சொல்லுவார். எங்கேனும் அடி மறந்தால் சற்று நிறுத்தி, முறத்தை இரண்டு தட்டுத் தட்டுவார். மறந்த அடி வந்துவிடும். அவருக்கு அந்நூலின் ஏடு தாளம்தான்.

இக்கலை நம் தமிழுக்குப் புதிதன்று. புறநானூற்றில் கிணைப்பொருநர் வருகின்றனர். கிணை என்னும் தடாரிப் பறையைத் தாமே கொட்டி, வெள்ளி முளைக்கும் விடியற்பொழுதில் வள்ளலின் வாயிலில் நின்று பாடியவர்கள் அவர்கள். நோன்பிரவில் வாசலில் நின்று பாடும் பாவாவைக் காணும்போது அப்பழைய பொருநரின் நினைவு வராமல் போகாது. வேறுபாடும் பெரிது. பொருநர் பாடியது வாயிலுக்குரிய வள்ளலின் புகழை. பாவா பாடுவது அவ்வீட்டாரின் புகழையன்று; செல்வர் வீட்டு வாசலிலும் குடிசை வாசலிலும் ஒரே கண்ணியைத்தான் பாடுவார்.

மார்க்கம் கற்றவன் என்ற முறையில் இனி நான் சொல்ல வேண்டியதொன்று உண்டு. ஸஹீஹுல் புகாரியின் திருமண அத்தியாயத்தில் ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அறிவிக்கும் செய்தி வருகிறது. அவர்களின் மணநாளை அடுத்த காலையில் பெருமானார் (ஸல்) அவர்கள் இல்லத்துக்கு வந்து அமர்கிறார்கள். சிறுமியர் சிலர் துஃப் கொட்டிக்கொண்டு, ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் நடந்த பத்ருப் போரில் உயிர்நீத்த தம் முன்னோரின் சிறப்பைப் பாடிக்கொண்டிருக்கின்றனர். மணமகளின் தந்தையும் அப்போரில் ஷஹீதானவரே. தமிழிலக்கண மரபில் சொன்னால் அது கையறுநிலைப் பாட்டு. மணவீட்டில் பறையோடு பாடப்பெற்ற கையறுநிலை. அதற்கிடையில் ஒரு சிறுமி, நாளை நடப்பதை அறியும் நபி நம்மிடையே இருக்கிறார் என்னும் கருத்தில் ஓர் அடியைச் சேர்த்துவிடுகிறாள். உடனே பெருமானார் அவர்கள் அதை விட்டுவிடும்படியும், முன்பு பாடியதையே பாடும்படியும் சொல்கிறார்கள்.

ஆலிம்கள் இச்செய்தியிலிருந்து சட்டங்கள் பலவற்றை எடுத்திருக்கின்றனர். நான் இதில் ஒரு திறனாய்வையும் காண்கிறேன். திருத்தப்பட்டது ஓர் அடி. மறைவானதை அறிதல் இறைவனுக்கே உரியது. அதைப் படைப்புக்கு ஏற்றிய சொல் நீக்கப்பட்டது. பறை நீக்கப்படவில்லை, பாட்டு நிறுத்தப்படவில்லை, சிறுமி கடிந்துரைக்கப்படவும் இல்லை. மாறாக, மீதமுள்ளதைத் தொடரும்படி ஏவப்பட்டாள். குற்றம் எவ்வளவோ அவ்வளவுக்கே திருத்தம்.

நம் மதரஸாக்களில் ஓதப்படும் மின்ஹாஜில் இமாம் நவவி (ரஹ்) அவர்களும் இவ்வளவு நுணுக்கமாகவே பிரித்திருக்கிறார்கள். மணத்துக்கும் கத்னாவுக்கும் துஃப் ஆகும். பிற வேளைகளிலும் ஆகும் என்பதே சரியான கூற்று. அதில் சலங்கை இருப்பினும் சரியே. ஆனால் நீண்டு இடை சிறுத்த ‘கூபா’ என்னும் பறை ஆகாது என்கிறார்கள். இடை சிறுத்ததென்றதும் நமக்கு உடுக்கையின் வடிவம் நினைவுக்கு வரும். இதில் மாற்றுக் கருத்துடைய பெரியோர்களும் உளர். அவர்களை மறுப்பது என் நோக்கமன்று. ஒருமுகப் பறையை இவ்வளவு நிதானத்தோடு ஆராய்ந்த மரபு நம்முடையது என்பதே நான் சொல்ல வருவது.

இந்த நிதானம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. சனது பெற்று வந்த புதிதில், இருபத்து நான்கு வயதில், ஒரு கந்தூரிக் கூட்டத்தில் முதிய பாவா ஒருவர் பாடியதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வலிமார் ஒருவரைப் புகழும் ஆர்வத்தில், இறைவனுக்கே உரிய ஒன்றை அவருக்கு ஏற்றிப் பாடிவிட்டார். நான் எழுந்தேன். அனைவர் முன்னிலையிலும் அவரைக் கடிந்து, தாயிராவை எடுத்துக்கொண்டு போய்விடும்படியும் எங்கள் தெருப்பக்கம் வரவேண்டாமென்றும் சொன்னேன். அவர் மறுமொழி கூறவில்லை. தாயிராவைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார். அந்த ஆண்டு நோன்பிலும் அதன் பிறகும் அவர் வரவில்லை. நான் மார்க்கத்தைக் காத்துவிட்டதாக மகிழ்ந்திருந்தேன்.

பல்லாண்டுகளுக்குப் பின் மேற்சொன்ன ஹதீஸைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் கேட்டான்: “ஹஜ்ரத், அந்தப் பிள்ளையிடம் துஃபைக் கீழே வைக்கச் சொன்னார்களா?” இல்லையென்றேன். அதற்கு மேல் அன்று பாடம் ஓடவில்லை. வாப்பும்மா மௌத்தாகும்வரை அந்தப் பாவாவைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்டதில்லை. நோன்பிரவுகளில் மட்டும் முன்னரே விழித்துத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.

இதைச் சொன்னதால் பாவாக்களின் பாட்டில் குறையே இல்லை என்று நான் வாதிடுவதாகக் கொள்ளவேண்டாம். ஆதாரமற்ற கதைகளை அவர்கள் நிறையவே சேர்த்திருக்கின்றனர். புகழ்ச்சி எல்லை கடப்பதும் உண்டு. தாளத்துக்காகத் தமிழ்ச் சொற்களைத் தகாத இடத்தில் முறிப்பார்கள். அரபுச் சொற்களின் குறிலை நெடிலாக்கிவிடுவார்கள். இது சிறு பிழையன்று. தக்பீரில் ‘அக்பர்’ என்பதன் இறுதி அசையை நீட்டி ‘அக்பார்’ என்று சொல்லக்கூடாதென்று ஃபிக்ஹு நூல்கள் எச்சரிக்கின்றன. ஏனெனில் ‘கபர்’ என்று பறைக்கு ஒரு பெயருண்டு; ‘அக்பார்’ அதன் பன்மையாகிவிடும். மிகப் பெரியவன் என்று சொல்ல வந்த நா, பறைகள் என்று சொல்லிவிடும்! பாட்டில் பறை சொல்லை விழுங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குக் கிட்டவில்லை.

இந்த அளவுகோலைக் கொண்டு இன்றைய பாடல்களையும் அளந்து பார்க்கலாம். இசைமுரசு நாகூர் ஹனீபா அவர்கள் 2015இல் மறைந்தார்கள். அவர்கள் தாயிரா கொட்டிப் பாடியவர்களல்லர். வாத்தியங்கள் சூழப் பாடியவர்கள். ஆயினும் சொல் ஒவ்வொன்றும் தெளிந்து விழும். அந்தக் குரலுக்கு முன் வாத்தியங்கள் தாமே அடங்கி நிற்கும். குரலையே முரசென்று மக்கள் அழைத்தது வீண்புகழன்று. அவர்களுக்குப் பின் வந்த ஒலிப்பதிவுகள் பலவற்றில் அந்த அடக்கத்தைக் காணோம். இயந்திரத் தாளம் முதலிலேயே பதிவாகிவிடுகிறது. அது பாடுபவரின் மூச்சுக்குக் காத்திராது. வினாவுக்கும் விடைக்குமிடையே நிற்காது. சொல்தான் அதன் பின்னே ஓடவேண்டியிருக்கிறது. ஸலவாத்தும் முனாஜாத்தும்கூட அவ்வோட்டத்தில் நசுங்குகின்றன. இவற்றைக் கூடுமென்று ஏற்பவர்களும் பாவாவின் தாயிராவைக் கூடாதென்று ஒதுக்குவதுதான் எனக்கு விளங்காத புதிர். சொல்லுக்கு வழிவிடும் பறையை விரட்டிவிட்டு, சொல்லை மிதிக்கும் பறையை வீட்டுக்குள் வைத்துக்கொண்டோம்.

ஆகவே என் முடிவு இது. தாயிராப் பாட்டைப் பார்க்கவேண்டிய முறை, பெருமானார் (ஸல்) அந்த மணவீட்டில் காட்டிய முறையே. அடியில் பிழை இருந்தால் அடியைத் திருத்துவோம். அதையும் அன்போடு, தனியே அழைத்துத் திருத்துவோம். மற்றதைப் பாடச் சொல்வோம். ஒலிப்பதிவுக் கூடங்களில் பாடும் நம் இளைஞர்கள் பாவாக்களிடமிருந்து கற்கவேண்டிய பாடம் ஒன்றே: நா பேசும்போது கை தணிய வேண்டும்.

நாகூர்க் கந்தூரியில் இன்றும் பாவாக்கள் கூடுகின்றனர். சில ஊர்களில் நோன்பிரவில் தாயிரா ஒலி இன்னும் கேட்கிறது. உங்கள் வாசலில் ஒருவர் வந்து நின்றால், காசைக் கையில் திணித்து உடனே அனுப்பிவிடாதீர்கள். எடுத்த கண்ணியை அவர் முடிக்கட்டும். உங்கள் இல்லத்தில் முறத்தைத் தட்டிப் பாடும் முதிய தாய்மார் எவரேனும் இருந்தால், பேரப்பிள்ளைகளை அருகில் உட்காரவைத்து எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அடி மறந்து அவர் நின்றால் அவசரப்படுத்தவேண்டாம். முறத்தை இரண்டு தட்டுத் தட்டினால் போதும்.