பெருக்குதல், துடைத்தல்: யார்?

குழந்தைகளுக்கான ‘வீட்டு வேலைகள்’ பட அட்டைகளைச் சமீபத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். மூன்று வயதுப் பையன் வீட்டில் இருந்தால் வேறு வழியில்லை. படங்கள் பளிச்சென்று இருக்கின்றன, அட்டையின் மூலைகள் கையைக் கிழிப்பதில்லை. என் சண்டை எல்லாம் படத்துக்குக் கீழே அச்சாகியிருக்கும் சொற்களோடுதான். பெருக்குதல். துடைத்தல். துவைத்தல். சமைத்தல். எந்த வீட்டில் இப்படிப் பேசுகிறார்கள்? “டேய், அந்தப் பக்கம் போகாத, அம்மா பெருக்கிட்டு இருக்காங்க” என்றுதான் குழந்தையின் காதில் விழுகிறது. ‘பெருக்குதல்’ கேள்வித்தாளில் வாழும் சொல்.

வழக்கில் இல்லை என்பதோடு விட்டிருப்பேன். அந்தத் ‘தல்’ இன்னொரு காரியமும் செய்கிறது. தமிழ் வினைமுற்றின் வால் பொல்லாதது. செய்தது ஆணா, பெண்ணா, ஒருவரா, பலரா, மரியாதைக்குரியவரா என்று எல்லாவற்றையும் சொல்லிவிடும். பெருக்குகிறாள், பெருக்குகிறார், பெருக்குகிறேன். ‘பெருக்குதல்’ என்றால் ஆளே இல்லை, வேலை தானாக நடக்கிறது. என் தொழிலில் ‘டீஃபால்ட்’ என்று ஒன்று உண்டு: நீங்கள் எதுவும் கொடுக்காவிட்டால், முன்பே எழுதிவைத்த மதிப்பு தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். சொல் காலியாக விட்ட இடத்தை அட்டையில் படம் நிரப்புகிறது. துடைப்பத்தோடு ஒரு பெண், அடுப்பருகே ஒரு பெண். அப்பா வருகிற அட்டை கார் கழுவுவது.

சொற்களிலும் பஞ்சம். ‘துணி துவைத்தல்’ என்று ஒரே அட்டை, அதில் ஒரு வாஷிங் மெஷின். துணியோ ஊறவைக்கப்பட்டு, கும்மப்பட்டு, அலசப்பட்டு, பிழியப்பட்டு, உதறிக் காயப்போடப்பட்டு, கடைசியில் மடிக்கப்படுவது. மெஷின் வந்த பிறகும் உதறுவதும் காயப்போடுவதும் மடிப்பதும் நம் கையில்தான் இருக்கின்றன. மூன்றும் மூன்று வயதுக் குழந்தையால் முடிந்தவை. கீரையை ஆய்வது, பூண்டை உரிப்பது, கழுவிய தட்டைக் கவிழ்த்து வைப்பது, இதெல்லாம் எந்த அட்டையிலும் கிடையாது. (முறத்தில் புடைப்பதையும் கொழிப்பதையும் மீட்கச் சொல்லவில்லை. முறமே இல்லாத வீட்டில் அந்தச் சொல் அருங்காட்சியகப் பொருள்.) வட்டாரமும் காணோம். சென்னையில் பெருக்குவதைத் தெற்கே பல வீடுகளில் கூட்டுவார்கள். அதே பொருள் ஓரிடத்தில் தொடப்பம், இன்னோரிடத்தில் விளக்குமாறு, சீமாறு, வாரியல். அட்டைக்குத் தெரிந்ததெல்லாம் ‘துடைப்பம்’.

வினைச்சொல்லைப் படத்தில் காட்டுவதே கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். பந்து அசையாமல் இருக்கும், பிழிவது அப்படி இருக்காது. மைக்கேல் டோமசெல்லோவும் ஆன் க்ரூகரும் 1992-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரு செயல் நடந்துகொண்டிருக்கும்போது அதன் பெயரைச் சொல்வதைவிட, நடக்கப்போகும் நொடியில் சொல்லும்போது குழந்தைகள் வினைச்சொல்லை நன்றாகப் பிடித்துக்கொள்வதைக் கண்டார்கள். “இப்ப இதை மடிக்கப்போறோம்.” நம் வீடுகளில் அந்த நொடியில் வருவது பெரும்பாலும் ஏவல்: மடி, அலசு, கூட்டு. தமிழில் வினையின் வேரும் கட்டளையும் ஒரே வடிவம். நன்னூல் வினைப்பகுதிகளுக்கு மாதிரியாக அடுக்கும் 23 சொற்களும் ஏவல் வடிவில்தான் இருக்கின்றன. ஆக, யாரை நோக்கிக் கட்டளை போகிறதோ அந்தக் குழந்தைக்குத்தான் சொல் சேர்கிறது. அக்காவைப் பார்த்து “கீரையை ஆய்” என்று சொல்லும் வீட்டில், தம்பிக்கு அந்தச் சொல் இருபத்தைந்து வயதில் வாடகை வீட்டில் யூட்யூப் பார்த்துத்தான் தெரியவரும்.

2024-இல் கேரளத்தின் புதிய மூன்றாம் வகுப்புப் பாடநூலில் அப்பா தேங்காய் துருவும் படம் வந்து பரவலாகப் பேசப்பட்டது. மலையாள வினைக்கு ஆண்பால் பெண்பால் விகுதி கிடையாது. அங்கே வினை சொல்லாததைப் படம் சொல்ல வேண்டியிருந்தது. நமக்கு வினையிலேயே அது இருக்கிறது. “அப்பா துருவுறாரு, நான் துருவுறேன்” என்று எழுதினால் போதும். தன்மையில் பால் பேதமும் இல்லை.

வீட்டு வேலையைப் பாடமாக்குவது என்றாலே தமிழ்நாட்டில் ஒரு முகச்சுளிப்பு உண்டு. அதில் நியாயமும் உண்டு. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பிள்ளைகளைப் பாதி நேரம் வீட்டுக்கு அனுப்பி, பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொன்னது. குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டு, 1954-இல் காமராஜர் ஆட்சியில் கைவிடப்பட்டது. வேலையின் சொல்லைக் குறிப்பிட்ட பிள்ளைகளுக்கு மட்டும் கட்டிவைப்பதில்தான் அதன் விஷம் இருந்தது. எல்லாப் பிள்ளையும் ‘நான்’ போட்டுச் சொல்கிற பாடத்தில் அந்த விஷம் குறையும் என்று நினைக்கிறேன். கையில் துடைப்பத்தைக் கொடுத்து வகுப்பறையைக் கூட்டச் சொல்வது வேறு கதை. அதை நான் ஆதரிக்கவில்லை.

அட்டைகளில் அறவே இல்லாத ஆள் ஒருவர் உண்டு: பாத்திரம் தேய்க்க வருபவர். எத்தனையோ நடுத்தர வர்க்க வீடுகளில் குழந்தை தினமும் பார்க்கும் முகம் அவருடையது. அவரைப் பற்றிய வாக்கியத்தைக் குழந்தை எங்கிருந்தோ கற்றுக்கொள்ளத்தான் போகிறது. “அக்கா தேச்சுட்டாங்களா?” என்றும் கேட்கலாம், “அவ தேச்சுட்டாளா?” என்றும் கேட்கலாம். வேலை ஒன்றுதான், வாலில் வித்தியாசம். அதை வீடு சொல்லித் தருகிறது, சமையலறையிலிருந்து குரல் கொடுக்கும் நேரத்தில், குழந்தை பக்கத்தில் நிற்பதைக் கவனிக்காமலே.