கோம்பை நாய்க்குச் செவலை நிறம் மட்டும் போதுமா?

2005-ல் தபால்துறை நம்ம நாட்டு நாய்களுக்கு நான்கு தபால்தலை போட்டது. இமாலய மேய்ப்பு நாய், ராஜபாளையம் எல்லாம் இருந்தன, கோம்பை இல்லை. அதுகூடப் பரவாயில்லை. கோம்பையை 'மீட்கிறோம்' என்பவர்கள் செவலை நிறத்தையும் கருவாயையும்தான் பார்க்கிறார்கள். எனக்கு இது பாதி வேலையாகத்தான் படுகிறது. கோம்பை ஆட்டை மடக்கி ஓட்டுகிற ரகம் இல்லை; காவலும் வேட்டையும்தான். கடமலைக்குண்டு பக்கம் கிடை போடுகிறவருக்கு நிறமா முக்கியம்? ராத்திரி கிடையை விட்டு நகராம நிக்குமா, குட்டியைக் கடிக்காம இருக்குமா, அதுதான். வேலையில் வைத்துப் பார்த்து ஈத்துக்கு விட்டால்தான் அந்தக் குணம் நிற்கும். 2021-ல் மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்தது. 2022-ல் உயர் நீதிமன்றம் காட்டு மேய்ச்சலுக்குத் தடை போட்டு, பிறகு அதைக் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்று சுருக்கியது. மேகமலை அதிலும் மாட்டிக்கொண்டது. தடை சரியா தப்பா என்பது தனிக் கதை. கிடை மலையேறாவிட்டால் நாயை எங்கே வைத்துச் சோதிப்பது, கண்காட்சி மேடையிலா?