மிளகுத்தூள் சோதனை: விளக்கத்தில் ஒரு குறை

அறிவியல் துணுக்குகளில் அடிக்கடி இடம்பெறும் சோதனை ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அகன்ற தட்டில் நீர் ஊற்றி, அதன்மேல் மிளகுத்தூளைத் தூவ வேண்டும். பாத்திரம் துலக்கும் சோப்பைத் தொட்ட விரலை நடுவில் வைத்ததும், தூள் நாற்புறமும் விலகித் தட்டின் ஓரத்தை அடையும். "சோப்பைக் கண்டு அழுக்கு ஓடுகிறது" என்று விளக்கம் கூறி முடித்துவிடுவார்கள். 2020-இல் கொரோனா நோய் பரவியபோது, குழந்தைகளுக்குக் கை கழுவும் பழக்கத்தைக் கற்பிக்கப் பல நாடுகளில் இச்சோதனையையே காட்டினார்கள். மிளகுத்தூள் கிருமியாக வேடம் பூண்டது. நோக்கம் நல்லதே. ஆனால் விளக்கம் சரிதானா?

சரியன்று. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்ப்பதால் நீரின் மேற்பரப்பு எப்போதும் சுருங்க முயல்கிறது. இதுவே பரப்பு இழுவிசை. 25 டிகிரி செல்சியஸில் தூய நீருக்கு இதன் அளவு மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். சோப்பு கலந்தால் இது பாதிக்கும் கீழே இறங்கிவிடக்கூடும். விரல் பட்ட இடத்தில் இழுவிசை குறைகிறது. சுற்றியுள்ள நீரோ பழைய வலிமையுடன் இழுக்கிறது. கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கத்தார் கை தளர்ந்தால் கயிறு மறுபக்கம் போகுமல்லவா? அதுபோலவே மேற்பரப்பும், அதில் மிதக்கும் தூளும் வெளிப்புறமாக இழுக்கப்படுகின்றன. தூளுக்கும் சோப்புக்கும் பகை ஏதுமில்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. நீரை மாற்றாமல் அதே தட்டில் மறுபடியும் தூளைத் தூவி, சோப்பு விரலை வையுங்கள். தூள் முன்போல் ஓடாது. துணுக்கு எழுதுவோர் பலர் இதைச் சொல்வதில்லை. சொல்பவரும் "ஒவ்வொரு முறையும் புது நீர் எடுக்கவும்" என்று எச்சரித்து நிறுத்திக்கொள்கிறார்கள். சோப்பைக் கண்டு அழுக்கு ஓடுவது உண்மையானால் இரண்டாம் முறையும் ஓட வேண்டாமா? சோப்பு ஏற்கெனவே பரப்பு முழுவதும் பரவிவிட்டதால், இழுக்க வலிமையான பக்கம் எதுவும் மிச்சமில்லை. ஆகவே நீர்ப்பரப்பின் நடத்தை, அதன்மேல் முன்பே என்ன பரவியிருக்கிறது என்பதையும் பொறுத்தது. இந்தப் பாடத்தைக் கற்பிப்பது வெற்றி பெற்ற முதல் சோதனையன்று. 'தோற்ற' இரண்டாம் சோதனையே.

இவ்வுண்மையை அளந்து காட்டியவர்களில் முன்னோடி ஆக்னஸ் பொக்கெல்ஸ் என்ற பெண்மணி. ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரில் பெற்றோரைப் பேணி, வீட்டு வேலைகளைக் கவனித்து வந்தவர். அந்நாளில் அங்கே பெண்களைப் பல்கலைக்கழகங்களில் சேர்ப்பதில்லை. 1880-களில் அவர் ஒரு தகரத் தொட்டியில் விளிம்புவரை நீர் நிரப்பினார். குறுக்கே ஒரு தகரப் பட்டையை வைத்து நகர்த்தி, நீர்ப்பரப்பைச் சுருக்கியும் விரித்தும் பார்த்தார். சிறு வட்டத் தகடு ஒன்றை நீரிலிருந்து பிரிக்கத் தேவையான விசையைத் தராசினால் அளந்தார். முடிவுகளை 1891 ஜனவரியில் இங்கிலாந்து விஞ்ஞானி ராலே பிரபுவுக்கு எழுதினார். ராலேயின் பரிந்துரையுடன் அக்கடிதம் அதே ஆண்டு மார்ச் 12-இல் 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. இதே வகைத் தொட்டியைத்தான் பின்னர் லாங்மியூர் செம்மைப்படுத்திக் கையாண்டார். மேற்பரப்பு வேதியியலுக்காக அவருக்கு 1932-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பொக்கெல்ஸைப் பற்றி எழுதுவோரும் "பாத்திரம் கழுவும்போது தற்செயலாகக் கண்டுபிடித்தார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவதுண்டு. எண்ணெய் மிதக்கும் நீர் அவருடைய கவனத்தைத் தூண்டியதாக அவர் குடும்பத்தாரே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த நீரைப் பார்த்தவர்கள் கோடிக்கணக்கானவர்கள். தொட்டி கட்டி அளந்தவர் அவர். ஏறத்தாழப் பத்தாண்டு உழைப்பைத் தற்செயல் என்பது நியாயமாகாது.

மீண்டும் தட்டுக்கு வருவோம். மிளகுத்தூள் ஓரத்துக்குப் போனதே தவிர, தட்டை விட்டுப் போகவில்லை! சோப்பு உண்மையில் அழுக்கை நீக்கும் முறை வேறு. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை நீரை நாடும். நீண்ட வால் போன்ற மறுமுனை எண்ணெயை நாடும். தேய்க்கும்போது எண்ணெய் நுண்துளிகளாக உடைகிறது. வால்கள் துளிக்குள் புதைகின்றன. தலைகள் நீரின் பக்கம் நிற்கின்றன. இவ்வாறு சூழப்பட்ட துளிகள், அலசும் நீரோடு வெளியேறுகின்றன. ஆகவே தேய்ப்பதும் அலசுவதும் இன்றியமையாதவை. சோப்பு பட்டதுமே கிருமி ஓடிவிடும் என்று நம்பும் குழந்தை, கையைத் தொட்டு நனைத்துவிட்டு எழுந்து போய்விடும். குறைந்தது 20 விநாடியாவது தேய்க்க வேண்டும் என்ற அறிவுரையின் காரணம் அதற்கு விளங்காது.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மிளகுத்தூள் சோதனையைக் கைவிட வேண்டாம். இரண்டு முறை செய்யுங்கள். பிறகு இரு சிறு புட்டிகளில் நீரும் சில துளி நல்லெண்ணெயும் எடுத்து, ஒன்றில் மட்டும் சோப்பு சேர்த்து, இரண்டையும் நன்றாகக் குலுக்கி வையுங்கள். எந்தப் புட்டியில் எண்ணெய் விரைவில் பிரிந்து மேலே வருகிறது, எதில் நீர் பால்போல் கலங்கி நிற்கிறது என்று கடிகாரத்தை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பாத்திரம் துலக்கும்போது நடப்பதற்கு நெருங்கிய சோதனை இதுவே.