கோபுரத்து மணியும் சுரங்கத்துக் கதவும்

இங்கிலாந்தின் வடபுலத்தில், வேர் என்னும் ஆறு வளைந்து தழுவி ஓடும் குன்றின்மேல் நிற்கிறது டர்ஹாம் பேராலயம். 1093-ல் எழத் தொடங்கிய கற்கோயில் அது. எதிரே பிஷப்புகள் வாழ்ந்த கோட்டை. இடையே பசும்புல் வெளி. சூழப் பள்ளிகள், கல்லூரிகள். காண வருவோர் காதில் ஒரு புகழுரையும் தவறாமல் விழும்: ஆலயம் ஈன்றது கல்வி, அதை வளர்த்தவர்கள் பிஷப்புகள்!

அந்தப் புகழுரையை நாம் உரைகல்லில் உரசிப் பார்க்க விழைகிறோம். ஈந்ததை இல்லையென்று கூறோம். ஆனால் யாருக்கு ஈந்தனர்? யார் உழைப்பில் விளைந்த பொருளை ஈந்தனர்? யாரை வாயிலில் நிறுத்திவிட்டு ஈந்தனர்? இம்மூன்று கேள்விக்கும் விடை தராத வரலாறு வரலாறன்று, வாழ்த்துமடல்!

துறவியர் காலத்திலே, பேராலய மடத்தில் ஏழைச் சிறுவர்க்கென ஒரு பள்ளி இருந்தது. அவர்களுக்குக் கிடைத்த உணவு, மடத்தில் பயின்ற இளந்துறவியர் உண்டு மீந்தது. 1414-ல் பிஷப் தாமஸ் லாங்லி இலக்கணப் பள்ளியும் இசைப் பள்ளியும் அமைத்தார். ஏழையிடம் கட்டணம் கேட்கவில்லை. நற்செயல்தான், போற்றுகிறோம். ஆயினும் அங்கே பாடம் சொன்ன குருமார், அவருடைய ஆன்மாவுக்காக வேண்டுதல் செய்யவும் அமர்த்தப்பட்டவர்களே. கல்வி அங்கே வழிபாட்டின் வாலாக இருந்தது. தனக்கென ஒரு தலையோடு நிற்கவில்லை.

1657-ல் ஆலிவர் கிராம்வெல், குருமாரிடமிருந்து பறிமுதலான சொத்தைக் கொண்டு டர்ஹாமில் ஒரு கல்லூரி நிறுவ ஆணையிட்டார். பட்டம் வழங்கும் உரிமை அதற்குக் கூடாதென்று எதிர்த்தவை எவை? அறிவின் இருப்பிடங்கள் எனப் பெயர் பெற்ற ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும்! 1660-ல் முடியரசு மீண்டது, கல்லூரி மாண்டது, சொத்து குருமாரிடமே திரும்பிற்று. அதன்பின் 172 ஆண்டுகள் அந்நகரில் பல்கலைக்கழகம் எழவில்லை.

1832-ல் மட்டும் வள்ளன்மை சுரந்தது எப்படி? நாடெங்கும் சீர்திருத்தக் கிளர்ச்சி! வாக்குரிமை விரியும், புதிய நாடாளுமன்றம் திருச்சபையின் பெருஞ்செல்வத்தில் கை வைக்கும் என்ற அச்சம்! 1826-ல் இலண்டனில் சமயச் சோதனையே இல்லாத உயர்கல்வி நிலையம் ஒன்று தோன்றிவிட்டது. இந்நிலையில்தான் பிஷப் வான் மில்டர்ட்டும் பேராலயக் குருமாரும் சொத்தில் ஒரு பகுதியைத் தந்து பல்கலைக்கழகம் கண்டனர். 1837 முதல் கோட்டையும் மாணவர் இல்லமாயிற்று. எஞ்சியதைக் காக்கவே ஈந்தனர் என்பதே நம் மதிப்பீடு.

அச்செல்வத்தின் ஊற்று எங்கே? டர்ஹாம் மண்ணுக்கடியில் நிலக்கரி. தோண்டியவன் தொழிலாளி, நிலத்துக்குரியவர் என்பதால் பங்கு பெற்றவர்களுள் பிஷப்பும் குருமாரும் உண்டு. கோட்டைக் கதவு செல்வர் வீட்டு மைந்தருக்குத் திறந்த அதே ஆண்டுகளில், பத்து வயது நிரம்பாத சிறுவர்கள் சுரங்க இருளில் குந்தியிருந்தனர். கரிவண்டி வரும்போது காற்றுத் தடுப்புக் கதவைத் திறப்பது, வண்டி போனதும் மூடுவது. அதுவே அவர்கள் கற்ற பாடம்! 1842-ல் சட்டம் வந்த பிறகே அக்குழந்தைகள் சுரங்கத்தினின்று விலக்கப்பட்டனர். மேலே கோபுரத்து மணி ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. கீழே இருந்த குழந்தையை மீட்டது மணியோசையா? மன்றத்தில் இயற்றிய சட்டமன்றோ!

பல்கலைக்கழகத்திலோ, தொடக்க காலத்தில், படிக்க எவரும் வரலாம். பட்டம் பெற வேண்டுமாயின் ஆங்கிலத் திருச்சபையின் 39 விதிகளை ஏற்றாக வேண்டும். கற்ற கணக்கு சரியாக இருந்தால் போதாது; கடவுட் கணக்கும் அவர்கள் சொன்னபடி இருக்க வேண்டும்! இத்தகைய சமயத் தடைகளை மூன்று பழம் பல்கலைக்கழகங்களிலும் துடைத்தெறிந்தது 1871-ஆம் ஆண்டுச் சட்டம். பெண்களுக்கு ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி 1858-லேயே டர்ஹாமில் தோன்றியது. ஆயினும் பல்கலைக்கழகப் பட்டத்துக்குரிய உரிமை 1895-ல்தான் கிட்டிற்று. ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் இருந்த ஃபூரா பே கல்லூரி 1876-லேயே இணைக்கப்பட்டு, கருநிற இளைஞர் டர்ஹாம் பட்டம் பெற வழி பிறந்தது. கடல் கடந்து சென்ற பட்டம், ஆற்றங்கரையில் வாழ்ந்த பெண்ணுக்கு எட்டாமற் போனது என்ன நியாயம்?

சமயத் தடை தகர்ந்த அதே 1871-ல்தான் டர்ஹாம் சுரங்கத் தொழிலாளர் தங்கள் முதற் பெருவிழாவைக் கூட்டினர். கொடி ஏந்தி, இசை முழக்கி, ஆலய நகருக்குள் உழைப்பாளர் அணி புகுந்தது.

ஆகவே தோழர்களே, கட்டடத்தின் அழகைக் காணுங்கள். கட்டியவரின் கலைத்திறனுக்குத் தலை வணங்குங்கள். ஆனால் கல்விக் கதவுகள் கருணையால் மட்டும் திறந்தன என்று எவரேனும் எழுதினால், எழுதியவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "சுரங்கக் கதவருகே அமர்ந்திருந்த அந்தச் சிறுவனின் பெயர் உங்கள் நூலில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?"